முதலில் மெக்கானிக், அப்புறம் கார்



ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் என் அக்கா மகன். சாம்பார் வருவதற்குள் கைப்பேசியை என் இலைக்கு மேலே நீட்டினான். சிவப்பு நிறத்தில் ஒரு சின்னக் கார், தாழ்ந்த உடம்பு, பெரிய சக்கரம். "மாமா, 145 குதிரைத்திறன்! நாலரை லட்சம்தான் சொல்றாங்க. தினமும் ஆபீசுக்கு இதுலயே போயிடலாம்னு பாக்கறேன்" என்றான். அந்தக் காரைச் செய்த கம்பெனி நம் ஊர் ஷோரூம்களை மூடிச் சில வருடங்கள் ஆகின்றன. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இதுக்கு வேலை பாக்கற மெக்கானிக் யாருடா?" பாயசம் வரும்வரை பையன் பேசவில்லை.

கிண்டலுக்காகக் கேட்கவில்லை. இருபத்தெட்டு வயதில் நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். பெயர் வேண்டாம். ஓட்டினால் சொர்க்கம். ஆனால் எஞ்சினைத் தாங்கும் ஒரு ரப்பர் மவுண்ட் கிழிந்ததும், அந்த ஒரு துண்டு ரப்பருக்காக நாற்பது நாள் பட்டறையில் நின்றது. நான் நாற்பது நாளும் பேருந்தில் நின்றேன்.

தினமும் ஓட்டும் காருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஞாயிற்றுக்கிழமைக் கார் நின்றுபோனால் வருத்தம். தினசரிக் கார் நின்றுபோனால் சம்பளம்.

சரி, குஷியாக ஓட்டுவதற்கு எவ்வளவு குதிரைத்திறன் வேண்டும்? பழைய மகாபலிபுரம் சாலையில் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு 145 குதிரையும் ஒன்றுதான், 45 குதிரையும் ஒன்றுதான். எல்லாம் நின்றுகொண்டுதான் இருக்கும். நம் சாலையில் சந்தோஷம் முப்பதுக்கும் அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கும் இடையில் கிடைக்கிறது. மேம்பாலத்தில் ஏறும்போது இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாற்றும் அந்த ஒரு நொடி, வளைவில் திருப்பிய இடத்துக்கு உடனே போகும் முன்சக்கரம், அவ்வளவுதான். அதற்கு முதல் தேவை, வண்டி எடை குறைவாக இருப்பது.

2018இல் வந்த ஸ்விஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்வதில்லை. 83 குதிரைத்திறன்தான். ஆனால் எடை 900 கிலோவுக்கும் குறைவு. ஸ்டீயரிங்கில் கொஞ்சம் உயிர் குறைவு என்பது என் புகார். மற்றபடி, தெருமுனைப் பட்டறைப் பையன்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவான். இதே குடும்பத்தில் கொஞ்சம் காரமாக வேண்டும் என்றால் பலேனோ ஆர்.எஸ். 2017இல் வந்தது. ஒரு லிட்டர் டர்போ எஞ்சின், 102 குதிரைத்திறன், 950 கிலோ, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். வந்தபோது அதிகம் பேர் வாங்கவில்லை, 2020 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். விற்காத கார் என்பதால் பழைய கார் சந்தையில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எஞ்சினைத் தவிர பெரும்பாலான உதிரிகள் சாதாரண பலேனோவினுடையவை என்பது அதன் புண்ணியம்.

பெயர்களைச் சொல்கிறேனே, விளம்பரமோ என்று நினைக்க வேண்டாம். இன்று நான் சொல்லும் பல கார்களை இனி எந்த ஷோரூமிலும் புதிதாக வாங்க முடியாது.

ஃபோர்டு ஃபிகோவின் ஒன்றரை லிட்டர் டீசல் அப்படிப்பட்டது. 100 குதிரைத்திறன்தான், ஆனால் 215 நியூட்டன் மீட்டர் இழுவிசை. ஏற்றத்தில் முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்தும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையை நம்பி இருந்த குடும்பங்களுக்கு அது என்னவாக இருந்தது என்று செங்கல்பட்டுப் பக்கம் கேட்டால் சொல்வார்கள். பழைய கார் வாங்குபவருக்கு அதனால் விலை சற்று இறங்கியது. உள்ளூரில் இந்தக் கார்களை அறிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. டைமிங் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால், அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். அந்த பெல்ட் ஓடும்போது அறுந்தால் எஞ்சினே போகும்.

போலோவைக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். 2013இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 105 குதிரைத்திறன், ஏழு கியர் ஆட்டோமேட்டிக். உள்ளே இரண்டு கிளட்ச், இரண்டும் எண்ணெயில் நனையாத உலர் வகை. நெடுஞ்சாலையில் வெண்ணெய் மாதிரி கியர் மாறும். கத்திப்பாராவில் அடி அடியாக ஊர்ந்தால் அதே கிளட்ச் அரைப்பதம் உரசிக்கொண்டே இருக்கும், சூடாகும், தேயும். அதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் பெட்டி பழுதானால் பில் லட்சக்கணக்கில் வரும். நெரிசலில் உழல்பவருக்கு அது வேண்டாம் என்பேன். 2020இல் வந்த ஒரு லிட்டர் டி.எஸ்.ஐ., ஆறு கியர் மேனுவல், 110 குதிரைத்திறன். போலோ என்றால் எனக்கு அதுதான்.

எனக்குப் பாசம் உள்ள ஒன்று டியாகோ ஜே.டி.பி. டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டுச் சேர்ந்து 2018இல் கொண்டுவந்தது. 114 குதிரைத்திறன், தாழ்த்திய சஸ்பென்ஷன், பானெட்டில் காற்றுத் துளைகள். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற, பந்தயக் கார் கட்டிப் பழகிய ஊரின் கைவண்ணம். 2020இல் அந்தக் கூட்டும் முடிந்துபோனது. கொங்கு பக்கம் இருப்பவர் என்றால் துணிந்து பாருங்கள். மற்றவர்கள் பம்பர் ஒன்று உடைந்தால் எங்கே கிடைக்கும் என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

இப்படிப்பட்ட கார்களில் ஒரு சிக்கல் உண்டு. முந்தைய ஓனர் அதைக் கொஞ்சியிருப்பார், இல்லை பிழிந்திருப்பார். நடுவில் ஆள் குறைவு. எப்படிக் கண்டுபிடிப்பது?

காலையில் சொல்லாமல் சீக்கிரமே போய்விடுங்கள். முதலில் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தட்டும் சத்தமும் புகையும்தான் உண்மை பேசும். புகை நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடேறிய பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2419 என்றால் 2019ஆம் வருடம் 24ஆம் வாரம் செய்தது. கிலோமீட்டர் மீட்டர் இருபதாயிரம் காட்டுகிறது, டயரோ காரைவிடப் புதியது, அதாவது இரண்டாவது செட் என்றால், மீட்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விட்டுப் பாருங்கள். எஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் முடிந்தது.

சென்னை வண்டி என்றால் தரைவிரிப்பைத் தூக்காமல் வராதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன! கழுவி, வாசனை போட்டு விற்றுவிடலாம். சீட் நகரும் இரும்புத் தண்டவாளத்தின் துருவையும், டேஷ்போர்டு ஒயர் கட்டுக்குள் காய்ந்த வண்டலையும் அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது.

ரீமேப் செய்த வண்டி, அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றிக் கூடுதல் சக்தி ஏற்றியது, எனக்கு வேண்டாம். அதே கிளட்ச், அதே கியர்பாக்ஸ், மேலே பாரம் மட்டும் கூடுதல். இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் புது ஓனர்தான்.

காகித விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் படிவம் 35 கொடுத்து நீக்கிய பிறகே பணம். புதுச்சேரி எண் என்றால், இங்கே பெயர் மாற்றும்போது தமிழ்நாட்டுச் சாலை வரி தனியாகக் கட்ட வேண்டும். 'மலிவு' என்று நினைத்ததில் பாதி அங்கேயே போய்விடும். விற்பவரின் இன்சூரன்ஸ் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போகும், காரோடு வராது.

கையில் இருக்கும் மொத்தப் பணத்துக்கும் கார் வாங்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள் என்பது என் கணக்கு. ஆயில், பெல்ட், பிரேக் பேட், நான்கு டயர், பேட்டரி. முதல் மூன்று மாதத்தில் அந்தப் பணம் தானாகவே வழி தேடிக்கொள்ளும்.

பந்தியில் விட்ட கதைக்கு வருகிறேன். பையன் இரண்டு மாதம் அலைந்தான். கார் பார்க்க அல்ல, மெக்கானிக் பார்க்க. பள்ளிக்கரணையில் ஒருவரைப் பிடித்தான். அவர் பட்டறையில் பாதி வண்டி பலேனோ. அவரே ஒரு வாடிக்கையாளரின் ஆர்.எஸ். விலைக்கு வருகிறது என்று சொல்லி, தான் வேலை பார்த்த பில்களையெல்லாம் எடுத்துக் காட்டினார். சிவப்பு நிறம் கிடைக்கவில்லை, நீலம்தான்.

போன ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஏலகிரி மேலிருந்து போன் பண்ணினான். புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரிலேயே ஏறிவிட்டானாம். "மாமா, இறங்கிட்டு மறுபடி ஒரு தடவை ஏறப் போறேன்" என்றான். மறுநாள் ஒன்பதரைக்கு அவனுக்கு ஆபீஸ். அதே காரில்தான் போனான்.