பவுனும் நம்பிக்கையும்

காவிரிப் பாசன நாட்டில் நெல்லைக் கலத்தால் அளந்தார்கள். நிலத்தை வேலியால் அளந்தார்கள். பொன்னையோ இன்றும் பவுனால் அளக்கிறார்கள். பவுன் நம் நாட்டு நிறையன்று. இங்கிலாந்தின் சவரன் நாணயத்திற்கு நாம் இட்டு வழங்கும் பெயர் அது. அதன் எடை 7.988 கிராம், மாற்று 22 காரட். ஆங்கில ஆட்சி 1947-இல் அகன்றது. அவர்கள் காசின் அளவு மட்டும் 8 கிராமாக நம்மிடம் தங்கிவிட்டது.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் வளர்ந்த நான், இந்தப் பற்றுதலின் காரணத்தைப் பெண்களிடமே கேட்டறிந்தேன். அட்டிகையை விற்கப் போனால் செய்கூலி போயிற்று. உருக்கினால் பற்றாசு கழிகிறது. அசல் சவரனுக்கு அந்தச் சேதமில்லை. நடவுக்குப் பணம் முடையாகும்போது வேண்டிய காசை மட்டும் அடகு வைக்கலாம். குடியானவர் வீட்டில் பொன் ஆடம்பரமன்று. ஆறு வறண்ட ஆண்டுக்கான சேமிப்பு.

மாற்றையும் நிறையையும் பற்றிய இந்தக் கவலை பழமையானது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்ததாகக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அக்காலத்தில் நாகப்பட்டினத்துக் கோயிலுக்கு ஸ்ரீவிஜய மன்னன் சார்பில் வழங்கப்பட்ட பொன் ‘சீனக் கனகம்’ என்று குறிக்கப்படுகிறது. எந்நாட்டுப் பொன் என்று பெயர் சொல்லியே ஏற்றார்கள் போலும்!

கடல் கடந்த வாணிகத்தில் இந்நம்பிக்கையைக் காத்தவை வணிகக் குழுக்கள். சுமத்திரா தீவின் பாருசில் கிடைத்த, 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் குழுவினுடையது. அங்கு வரும் மரக்கலத்தார் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தை அது விதிக்கிறது. குழுவைச் சேர்ந்தவன் என்றால் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

நம்பிக்கையைக் கட்டளையால் மட்டும் உண்டாக்க இயலாது. 1963-இல் புதிய நகைகள் 14 காரட்டைத் தாண்டலாகாது என்று சர்க்கார் விதித்தது. பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். மக்களோ 22 காரட்டை மறக்கவில்லை. அவ்விதி நிலைக்கவில்லை. 2015-இல் அசோகச் சக்கரம் பொறித்த பொற்காசுகள் 5 கிராமிலும் 10 கிராமிலும் வெளிவந்தன. தூய பொன்தான், ஆனால் பவுன் கணக்கில் பழகிய மனத்திற்கு அந்த எடைகள் இசையவில்லை.

2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட நகை முத்திரை, ஆடவல்லான் கல்லின் வேலையைச் செய்ய வந்தது எனலாம். 916 என்ற எண்ணையும் ரசீதையும் கேட்டு வாங்குவது நம் உரிமை. பட்டணத்தார் மட்டுமல்லர், கடைக்கோடிக் கிராமத்துப் பெண்ணும் கூசாமல் அதைக் கேட்கும் நாளில்தான், அவள் சேமிப்புக்கு அயல்நாட்டு அரசரின் தலை பொறித்த காசு தேவைப்படாது.