கல் சுமந்த முதல் இருப்புப்பாதை



இந்தியாவின் முதல் இரயில் 1853-இல் பம்பாயில் ஓடியது என்பர். பயணிகளைச் சுமந்த முதல் வண்டி அதுவே. ஆயினும், இரயில்வே எழுத்தராகிய நாம் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னரே, 1837-இல், செங்குன்றத்திலிருந்து சென்னைச் சிந்தாதிரிப்பேட்டைக்கு இருப்புப்பாதை ஒன்று அமைந்தது. பொறியாளர் ஆர்தர் காட்டன் அதற்கு முன்னின்றார். அது சுமந்தது ஆட்களையன்று; சாலை போடுவதற்கான செம்புறைக்கல்லை. நீராவி எஞ்சினும் வந்தது. எனினும் பெரும்பாலும் விலங்குகளே வண்டிகளை இழுத்தன. சில ஆண்டுகளில் வேலை தீர்ந்தது. காப்பாரின்றிப் பாதையும் மறைந்தது. இன்று அதன் பெயரை அறிந்தோரும் சிலரே.

நம் கொள்ளேகாலுக்கு இன்றும் இருப்புப்பாதை இல்லை. ஆனால் அக்காலத்தை ஒட்டி இராமசாமி முதலியார் காவிரியின் குறுக்கே கட்டுவித்த கற்பாலங்கள் அருகே சிவனசமுத்திரத்தில் உண்டு. 2018 வெள்ளத்தில் அவற்றுள் ஒன்றின் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டது.

அன்பர்களே! கல் சுமந்த பாதையை நாம் இழந்தோம். கல்லால் ஆன பாலத்தையும் இழத்தல் தகுமோ? பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, கட்டியவர் பெயரைச் சொல்லிக் காட்டுவோம். அறிந்த பொருளையே மக்கள் காப்பர்.