கேட்டுட்டு எடுங்க!

   

ஊர் சுற்ற வருகிறவர் கையில் இருக்கும் கேமரா ஊருக்குப் பெருமையா, ஊராருக்குத் தொல்லையா? தொல்லையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழர் ரொம்ப அழகா ஆரம்பிச்சார். 1858-ல லின்னேயஸ் டிரைப்ங்கிற வெள்ளைக்காரக் கேப்டன் வந்து மீனாட்சி கோயிலையும், நாயக்கர் மகாலையும், தெப்பக்குளத்தையும் படம் பிடிச்சாரு, அதனாலதான் அன்னைக்கு மதுரை எப்படி இருந்துச்சுன்னு நமக்குத் தெரியுதுன்னாரு. ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் படங்களை நல்லாப் பாருங்க. தூண் இருக்கு, கோபுரம் இருக்கு. மனுஷனைத்தான் தேடணும். ஏன், அன்னைக்கு மதுரையில ஆளே இல்லையா? மெழுகு ஏத்தின காகிதத்துல நெகட்டிவ். வெளிச்சம் பதியவே நிமிஷக்கணக்கா ஆகும். நடந்து போறவன் படத்துல விழவே மாட்டான். நம்ம ஊர்க்காரன் அத்தனை நேரம் அசையாம நிப்பானா நடுவர் அவர்களே? ஜிகர்தண்டா கடையில வேணா நிப்பான்! (சிரிப்பு)

ஆக, டிரைப் கல்லைத்தான் எடுத்தார். கல்லுக்குக் கூச்சம் கிடையாது. தோழர் எங்களுக்குச் சாட்சி சொல்லிட்டுப் போயிருக்கார், நன்றி!

தொல்லை எப்ப ஆரம்பிச்சது? கேமரா மனுஷனைப் பார்க்கத் திரும்பினப்ப. சென்னை மியூசியத்தில் கண்காணிப்பாளரா இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பத்தி 1909-ல ஏழு தொகுதி போட்டவர். ஒரு கையில மூக்கு அளக்கிற கருவி, இன்னொரு கையில கேமரா. வயநாட்டுக்குப் போனா, பணியர் பெண்கள் ஓட்டம் பிடிக்கிறாங்க. ஏன் தெரியுமா? தங்கள்ல நல்லா இருக்கிற ஆளாப் பார்த்துப் பிடிச்சு, பஞ்சடைச்சு மியூசியத்துல நிறுத்திடுவாருன்னு பயம்! இது நான் கட்டிவிட்ட கதையில்லை, அவரே எழுதி வெச்சது. படிச்சதும் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் யோசிச்சா, அந்தப் பெண்கள் புரிஞ்சுக்கிட்டதுல என்ன தப்பு? பேரு கேட்காம, சம்மதம் கேட்காம, மாதிரிக்கு ஒண்ணுன்னு ஒரு ஆளை எடுத்துட்டுப் போனா, அது பஞ்சடைக்கிறது இல்லாம வேற என்ன?

இப்ப நம்ம பக்கம் வாங்க. உசிலம்பட்டி சந்தை. பாம்படம் போட்ட பாட்டிகள் இப்ப விரல் விட்டு எண்ணுற அளவுதான். அதுல ஒரு பாட்டி வெத்தலை வாங்க வருது. எங்கிட்டிருந்தோ ஒரு தம்பி வந்தான். முழ நீளத்துக்கு லென்ஸு. காதுக்குப் பக்கத்துல கொண்டு போறான். பாட்டி முந்தானையை இழுத்து மூடுது. அவன் அங்கிட்டு ஓடுறான், இங்கிட்டு ஓடுறான். பாட்டி நின்னு கேட்டுச்சு: "ஏப்பா, என்னைப் பார்க்க வந்தியா, என் காதைப் பார்க்க வந்தியா?" பதிலே இல்லை. ஏன்னா அவன் பாட்டியைப் பார்க்கவே இல்லை. (கைதட்டல்)

நாயக்கர் மகால்ல தூணை எடுக்கணும்னா கேமராவுக்குத் தனி டிக்கெட் வாங்குறீங்க. பாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? உடனே பத்து ரூபாயை நீட்டாதீங்க, அது இன்னும் கேவலம்.

சித்திரைத் திருவிழாவைச் சொன்னார் தோழர். அழகர் ஆத்துல இறங்குறதை உலகமே பார்க்குதாம். அழகரை எடுங்கய்யா, யார் வேண்டாம்னா? துருத்தியில தண்ணி பீய்ச்சுறாங்க. நனைஞ்சு நிக்கிற பொண்ணுங்க பக்கம் லென்ஸைத் திருப்புறது எந்தப் பெருமையில சேர்த்தி? அருள் வந்து ஆடுற அம்மா, முடி அவிழ்ந்து, தன்னை மறந்து நிக்குது. மறுநாள் அது ரேஷன் கடையில வரிசையில நிக்கணும், மகளோட மாமியார் வீட்டுக்குப் போகணும். இருபது செகண்ட் வீடியோவை ஊரெல்லாம் செல்போன்ல பார்த்துச் சிரிச்சா, அது எந்த முகத்தோட போகும்?

கோயிலுக்குள்ள செல்போன் விடலைன்னு தோழருக்குக் கோபம். 2018 பிப்ரவரியில வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடிச்சு, அப்புறம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லித்தான் மீனாட்சி கோயில்ல தடை வந்தது. 2022 டிசம்பர்ல தமிழ்நாட்டுக் கோயில்களுக்கெல்லாம் சேர்த்து உத்தரவு. எனக்கும் முதல்ல வருத்தந்தான், மறைக்கல. ஆனா இப்ப ஆயிரங்கால் மண்டபத்துல போய் நில்லுங்க. பக்கத்துல இருக்கிறவர் சிற்பத்தைப் பார்க்கிறாரு. முன்னே முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாரு, செல்ஃபிக்கு!

"கேட்டா இயல்பு போயிடும், படம் செத்துடும்"னாரு எதிரணியில ஒரு அம்மா. அம்மா, உங்க படம் உயிரோட இருக்கணுங்கிறதுக்காக எங்க பாட்டி கூனிக் குறுகணுமா? கேட்டு எடுத்தவங்களும் இருக்காங்க. எங்க தெருவுல ஒருத்தர் திண்ணையில உட்கார்ந்து, காப்பி குடிச்சு, கதை கேட்டு, பொழுது சாயத்தான் கேமராவைத் திறந்தாரு. அதுக்குள்ள அந்த அப்பத்தாவே, "பொறுய்யா, சீலை மாத்திட்டு வாரேன்"னு உள்ள போயிடுச்சு. அடுத்த மாசம் பிரிண்டு தபால்ல வந்தது.

மணி அடிக்கிறாங்க, முடிச்சிடறேன். அந்த அப்பத்தா இப்ப இல்லை. பொட்டு வெச்சு மாலை போட்டு அந்த வீட்டுச் சுவத்துல இருக்கிறது அந்தப் படம்தான். அதுக்கு முன்னால எடுத்த ஒரே படம் ரேஷன் கார்டுல இருந்தது, அதுல முகமே தெரியாது.