விரலளவுச் சிப்பாய்கள்



பொம்மைச் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டுவது சிறுபிள்ளை விளையாட்டென்றே நானும் எண்ணியிருந்தேன். ஹற்றனில் எமது பாடசாலை மாணவனொருவன் ஒரு மாலைப்பொழுது ஐந்து பொம்மைகளை என் மேசைமேல் நிறுத்தியபோது அவ்வெண்ணம் மாறிற்று. ஒவ்வொன்றும் 54 மில்லிமீற்றர் உயரம். கடையில் வாங்கிய பிரித்தானியச் சிப்பாய்கள். அவற்றை இந்திய தேசிய இராணுவத்தினராக மாற்றப்போவதாக அவன் கூறினான்.

இது பொருத்தமான மாற்றமே. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், பிரித்தானியச் சேனையிலிருந்து சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டே அப்படை அமைந்தது. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்றதும் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர் பலர் அதிற் சேர்ந்தனர். கண்டிச் சீமைக்குக் கொழுந்தெடுக்க வந்த நம் முன்னோரைப் போலவே, தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறிப் பால்வெட்டப் போனவர்கள் வழியினர் அவர்கள்.

உடையும் பெரும்பாலும் பிரித்தானியர் விட்டுச்சென்ற காக்கிதான். வெயிலிலும் சலவையிலும் வெளுத்த துணியல்லவா? காக்கியிற் சிறிது மஞ்சள் கலந்து பூசி, மடிப்புகளில் நீர்த்த கபில நிறத்தை ஓடவிட்டான். கையிற் பாயும் புலியை வரைய முனைந்தபோதுதான் தடுத்தேன். மூவர்ணத்தின்மேற் புலிச்சின்னத்தைத் தோளில் அணிந்தது ஜெர்மனியில் அமைந்த வேறோர் இந்தியப் படை.

முகத்தில்தான் சங்கடம் நேர்ந்தது. ‘தோல் நிறம்’ என்றெழுதிய குப்பியிலிருந்த இளஞ்சிவப்பை ஐந்து முகங்களுக்கும் பூசியிருந்தான்.

“யாருடைய தோல், தம்பி?” என்றேன்.

அவன் குப்பியைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். “அப்படித்தானே ஐயா எழுதியிருக்கிறது,” என்றான்.

மறுநாள் கபிலத்துடன் சிவப்பும் ஒரு துளி கறுப்பும் குழைத்து வந்தான். ஐந்து முகங்களுக்கும் ஒரே நிறமன்று. ஒவ்வொன்றும் சற்றே வேறு. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவனுடைய தங்கைக்கோ பெண்சிப்பாய் வேண்டுமாம். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் முகாம் திறந்த ஜான்சி ராணிப் படையைப் பற்றிச் சொன்னேன். சென்னையிற் பிறந்த மருத்துவர் கப்டன் லட்சுமி அதன் தலைவி. தோட்டப்பெண்கள் பலர் அதன் சிப்பாய்கள். நீண்ட பின்னல் வைக்கலாமா என்று கேட்டாள். பலர் கூந்தலைக் கத்தரித்து, காற்சட்டை அணிந்து பயின்றனர் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் மெழுகைக் குழைத்துக் குட்டைமுடியே வைத்தாள்.

இனி வார்னிஷ் பூசவேண்டும். ஈரக்காற்றிற் பூசினால் வெண்படலம் கட்டிவிடும். எங்கள் ஊர் மூடுபனியை நீங்கள் அறிவீர்கள். ஒரு வெயில்நாளை எதிர்பார்த்து, ஆறு பேரும் என் அலுவலகச் சன்னலோரம் நிற்கிறார்கள்.