பெண்களின் ஆரோக்கியம் ஆண்களின் அமானிதம்

 

 

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போருக்கு முஸ்லிம்கள் புறப்பட்டபோது உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களின் துணைவியாரும் நபி (ஸல்) அவர்களின் மகளாருமான ருகைய்யா (ரலி) அவர்கள் அப்போது நோயுற்றிருந்தார்கள். அருகிலிருந்து கவனித்துக்கொள்ளும்படி உஸ்மான் (ரலி) அவர்களைப் பணித்தவர்கள் நபி (ஸல்) அவர்களே. அந்த நோயிலேயே ருகைய்யா (ரலி) அவர்கள் வஃபாத்தானார்கள். களத்தையே காணாத உஸ்மான் (ரலி) அவர்களுக்கு, பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் கனீமத்தில் பங்கும் உண்டென்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேரே இருந்த போர் அது. ஒவ்வொரு வீரரும் தேவைப்பட்ட அந்த நேரத்திலும், நோயுற்ற மனைவியைப் பேணுவது பெண்களின் வேலையென்று ஒதுக்கப்படவில்லை. ஜிஹாதுக்கு ஈடான கடமையாக அது ஓர் ஆணிடம் ஒப்படைக்கப்பட்டது.

இன்று பொதுச் சுகாதாரத் திட்டங்களில் ஆண் பெண் சமத்துவம் வேண்டும் என்று பேசப்படுகிறது. இச்சொல்லைக் கேட்டதும் நம்மில் சிலர் முகம் சுளிக்கின்றனர். ஆனால் நடைமுறையில் அதன் பொருள் என்ன என்பதை, முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் பங்களாதேஷின் அனுபவமொன்று தெளிவாகக் காட்டுகிறது.

அங்கே வயிற்றுப்போக்கினால் பச்சிளங் குழந்தைகள் ஏராளமாக மடிந்துவந்தனர். உப்பும் வெல்லமும் உரிய அளவில் நீரில் கலந்து புகட்டினால் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றிவிடலாம். பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை இளம்பெண்களை வீடு வீடாக அனுப்பி, ஒரு கோடிக்கும் அதிகமான குடும்பங்களில் தாய்மார்களுக்கு இதனைக் கற்றுக்கொடுத்தது. தாய்மார்கள் நன்றாகவே கற்றுக்கொண்டனர். ஆனால் தொடக்கத்தில், குழந்தைக்கு நோய் வந்தபோது அதனைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலரே!

காரணத்தை ஆராய்ந்தார்கள். கற்பித்த பணியாளர்களில் பலருக்கே அக்கரைசலில் முழு நம்பிக்கை இருக்கவில்லை. மற்றொரு காரணம், வீட்டு ஆண்களிடம் எவரும் இதுபற்றிப் பேசியிருக்கவில்லை. தாய்க்கு அறிவு கொடுக்கப்பட்டது. முடிவெடுக்கும் உரிமையோ வேறொருவர் கையில் இருந்தது. அதன் பின்னர் ஆண் பணியாளர்கள் கடைவீதிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களைக் கூட்டி விளக்கினார்கள். பயன்பாடும் உயர்ந்தது.

சகோதரர்களே! இது நம் வீடுகளுக்கும் பொருந்தும். தமிழகத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் வருகிறார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்களும் வருகிறார்கள். அவர்கள் வரும்போது நாம் கடையில் இருக்கிறோம், அல்லது வெளிநாட்டில் இருக்கிறோம். அவர்கள் சொல்வதைக் கேட்பவர் மனைவி. ஆனால், "அவங்க வரட்டும், கேட்டுச் சொல்கிறேன்" என்பதே பல வீடுகளின் பதிலாக இருக்கிறது.

பேறுகால மரணங்களை ஆராய்ந்தவர்கள் மூன்று தாமதங்களைக் குறிப்பிடுகின்றனர். மருத்துவம் தேட முடிவெடுப்பதில் தாமதம். மருத்துவமனையைச் சென்றடைவதில் தாமதம். அங்கே சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பின்னிரண்டுக்கும் சாலையையும் அரசையும் குறை கூறலாம். முதல் தாமதமோ நம் வீட்டுக்குள் நிகழ்வது. அதற்கு யாரைக் குறை கூறுவோம்?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண்களில் அது 25 சதவீதம். மாதவிடாயும் பேறுகாலமும் இதற்குக் காரணமே. எனினும், எல்லோரும் உண்டபின் எஞ்சியதைத் தாய் உண்ணும் வழக்கமும் ஒரு காரணமில்லையா? கறியும் மீனும் முதலில் யார் தட்டுக்குப் போகின்றன என்பதை இன்றிரவு சற்றுக் கவனியுங்கள்.

சிலர் வெட்கத்தைக் காரணம் காட்டி, மார்பகக் கட்டிக்கும் கர்ப்பப்பை நோய்க்கும் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுகின்றனர். பெண் மருத்துவரைத் தேடுவது சிறந்ததே. அவர் கிடைக்காதபோது, தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதை ஃபிக்ஹுச் சட்டம் அனுமதிக்கிறது. நோய் முற்றிய பின் வருந்துவது பேணுதல் ஆகாது.

அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களை, ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில் வைத்துச் சிகிச்சையளிக்க நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். அக்கூடாரம் மஸ்ஜிதுன் நபவியில் இருந்தது. காயம்பட்ட ஆணுக்குப் பெண் மருத்துவம் செய்தார். நோயுற்ற பெண்ணுக்கு ஆண் பணிவிடை செய்தார். நபியவர்களின் மதீனாவில் ஆரோக்கியம் இருபாலாரின் பொறுப்பாக இருந்தது.

ஆகவே, மூன்று காரியங்களைச் செய்வோம். முதலாவது, உடல்நலக் குறைவென்றால் எவர் அனுமதிக்கும் காத்திராமல் மருத்துவரிடம் செல்லலாம் என்று மனைவியிடமும் மகளிடமும் இன்றே சொல்லிவிடுவோம். அதற்கான பணத்தையும் அவர்கள் கையில் கொடுத்துவைப்போம். இரண்டாவது, பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் ஆண்களாகிய நாமும் உடன் செல்வோம். நம் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வோம். மூன்றாவது, மருத்துவ முகாம் செய்திகளை ஜும்ஆவுக்குப் பின் மஹல்லா ஜமாஅத்துகள் அறிவிக்கட்டும்.

மறுமையில் நம் பொறுப்பிலுள்ளோர் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம். அந்த விசாரணைக்கு அஞ்சி நம் வீட்டுப் பெண்களின் நலனைப் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்கியருள்வானாக! ஆமீன்.