ஒப்பந்ததாரருக்காகவும் வாதாடிப் பழகட்டும் நம் பிள்ளைகள்

(அம்பத்தூரில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான மாதிரி நீதிமன்றப் பயிற்சியைத் தொடங்கிவைத்துப் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



மாதிரி நீதிமன்றப் போட்டி என்றால் என்ன என்று வந்ததிலிருந்து பலர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சட்டக் கல்லூரிகளில் இதை 'மூட் கோர்ட்' என்பார்கள். கற்பனையான ஒரு வழக்கின் விவரத்தை எல்லா அணிகளுக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். ஓர் அணியில் இரண்டு மூன்று பேர். மனுதாரருக்கு ஒன்று, எதிர்மனுதாரருக்கு ஒன்று என இரண்டு தரப்புக்கும் எழுத்து வாதுரை தயாரிக்க வேண்டும். எந்தத் தரப்புக்குப் பேசுவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். பிறகு நீதிபதி இருக்கையில் இருப்பவர் முன்னால் நின்று, கொடுத்த நிமிடங்களுக்குள் வாதாட வேண்டும்.

"பட்டிமன்றம் மாதிரிதானே?" என்று ஓர் அம்மா கேட்டார். பட்டிமன்றத்தில் பேச்சாளரை யாரும் குறுக்கிட மாட்டார்கள். கைதட்டல் வாங்கினால் போதும். இங்கே கைதட்டல் கிடையாது. நீங்கள் மூன்றாவது வாக்கியத்தைத் தொடங்கும்போதே நீதிபதி நிறுத்துவார். "எந்தப் பிரிவின் கீழ் இதைக் கேட்கிறீர்கள்? சாட்சியம் எங்கே?" என்பார். மனப்பாடம் அங்கேயே உடைந்துபோகும். வழக்கைப் புரிந்துகொண்ட பிள்ளை மட்டுமே அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியும்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் தேவை? நம் ஊரிலிருந்தே ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் கழிவுநீர் லாரி நுழையாத தெரு இல்லை. அந்தத் தொட்டிகளில் இறக்கிவிடப்படுகிறவர்கள் எந்தச் சேரியிலிருந்து வருகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுத் தொட்டியில் இறங்கிய தொழிலாளி விஷவாயு தாக்கி இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். யார் பொறுப்பு? வீட்டு உரிமையாளரா, ஒப்பந்ததாரரா, மாநகராட்சியா?

மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதற்குத் தடை விதிக்கும் சட்டம் 2013-இல் வந்தது. அதன் 7-ஆம் பிரிவு, சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை அமர்த்தக் கூடாது என்கிறது. மீறினால் 9-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தலித் ஒருவரை மலம் அள்ளும் வேலையில் அமர்த்துவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் வந்த திருத்தத்தின்படி தனிக் குற்றம். சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

இவ்வளவையும் மேடையில் முழங்கிவிடலாம். ஆனால் அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவுக்குப் போய், 'ஆபத்தான சுத்தம்' என்பதற்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று படியுங்கள். பாதுகாப்புக் கருவிகள் கொடுக்காமல், முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை உறுதிசெய்யாமல் கையால் சுத்தம் செய்ய வைப்பதுதான் ஆபத்தான சுத்தம் என்கிறது. அப்படியானால் கருவி கொடுத்து இறக்கினால் குற்றமில்லையா? ஒப்பந்ததாரரின் வழக்கறிஞர் நுழையும் கதவு இதுதான். "கையுறை கொடுத்தேன், முகக்கவசம் கொடுத்தேன், அவர்தான் போட்டுக்கொள்ளவில்லை" என்பார்.

போட்டியில் குலுக்கலில் ஒப்பந்ததாரர் தரப்பு விழுந்த பிள்ளை இந்தக் கதவைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். எதிரே நிற்கும் பிள்ளை அதை அடைத்தாக வேண்டும். அதற்கு 2013-ஆம் ஆண்டு விதிகளை எடுத்து, அதிலுள்ள நீண்ட கருவிப் பட்டியலைப் படிக்க வேண்டும். ஒரு ஜோடிக் கையுறை சட்டம் கேட்கும் பாதுகாப்பு ஆகாது என்று காட்ட வேண்டும். பிரிவில் உள்ள 'உறுதிசெய்தல்' என்ற சொல்லைப் பிடித்து, போட்டுக்கொண்டாரா என்று பார்க்கும் கடமையும் உங்களுடையதுதான் என்று சொல்ல வேண்டும். பதினைந்து வயதில் ஒரு பிள்ளை இதைச் செய்துவிட்டால், நாளைக்குக் காவல் நிலையத்தில் "சட்டத்துல இடமில்லம்மா" என்று யாராவது சொல்லும்போது, "எந்தப் பிரிவுல, ஐயா?" என்று கேட்கும்.

நம் தோழர்களுக்கு இங்கே ஒரு தயக்கம் உண்டு. "மலக்குழியில் ஆளை இறக்கியவனுக்காக எங்கள் பிள்ளை வாதாட வேண்டுமா?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலை அண்ணலின் வழக்கிலேயே தேடுவோம். 1927-இல் மகாத் சவுதார் குளத்தில் தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சாதி இந்துக்கள் நீதிமன்றத்துக்குப் போய்த் தற்காலிகத் தடையாணை வாங்கினார்கள். குளம் தனியாருடையது, தீண்டத்தகாதோர் அதில் தண்ணீர் எடுக்காதது நினைவுக்கெட்டாத காலத்து வழக்கம் என்பது அவர்கள் வாதம். அதை ஆபாசம் என்று திட்டிவிட்டு வந்திருந்தால் வழக்கு தோற்றிருக்கும். குளம் யாருடைய சொத்து, வழக்கம் என்று சட்டம் எதை ஏற்கும், அதை யார் நிரூபிக்க வேண்டும் என்று எதிரியின் வாதத்துக்குள் போய்த்தான் அதை உடைக்க வேண்டியிருந்தது. பத்தாண்டு நடந்த வழக்கு அது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அண்ணல் தரப்புக்குத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கம் நினைவுக்கெட்டாத காலத்தது என்று நிரூபிக்கப்படவில்லை என்றது.

எதிரியின் வாதத்தைத் தெரிந்துகொள்வதால் யாரும் எதிரியாகிவிடுவதில்லை. தெரியாமல் நீதிமன்றம் போனவர்கள்தான் தோற்றுத் திரும்பியிருக்கிறார்கள்.

கோகுல்ராஜ் கொலை வழக்கைப் பாருங்கள். 2015-இல் கொலை. முக்கியச் சாட்சி பிறழ் சாட்சியானார். அத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோவில் கண்காணிப்புக் கேமராப் பதிவு பேசியது. வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022-இல் ஆயுள் தண்டனைகள் வந்தன. 2023-இல் உயர் நீதிமன்றம் அவற்றில் பெரும்பாலானவற்றை உறுதிசெய்தது. ஒரு மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க என்னென்ன நிபந்தனைகள் என்று தெரிந்தவர்கள் நம் பக்கம் இருந்ததால் நடந்தது இது. கோபம் நம் எல்லோரிடமும் இருந்தது. அதை வழக்காக மாற்றத் தெரிந்தவர்கள் சிலரே. அந்தச் சிலரைப் பலராக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பயிற்சி இன்று பெரும்பாலும் யாருக்குக் கிடைக்கிறது? ஆங்கில வழித் தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான 'கிளாட்' நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில்தான். விண்ணப்பக் கட்டணமே ஆயிரக்கணக்கில். பதினோராம் வகுப்பிலேயே வாதுரை எழுதிப் பழகிய பிள்ளையும், சட்டப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காத பிள்ளையும் ஒரே வாசலில் நிற்கிறார்கள். இதற்குத் தகுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இந்தப் பயிற்சி தமிழில் நடக்கட்டும். அரசியல் சட்டத்தின் 348-ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தை வைத்திருக்கிறது. அதை மாற்றும் போராட்டம் தனியாக நடக்கிறது. ஆனால் நம் மக்கள் முதலில் ஏறும் படி, பூந்தமல்லியிலும் அம்பத்தூரிலும் உள்ள கீழமை நீதிமன்றத்தின் படி. அங்கே தமிழுக்கு இடம் இருக்கிறது.

ஆசிரியர்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, நல்ல ஆங்கிலம், கணீர்க் குரல் என்று பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். கேள்விக்குப் பதில் வந்ததா என்று பாருங்கள்.

இரண்டு, சாதி வழக்கு வரும்போது தலித் பிள்ளையைப் பாதிக்கப்பட்டவராக நிறுத்தி அவர் வீட்டுக் கதையைச் சொல்ல வைக்காதீர்கள். அந்தப் பிள்ளை நீதிபதி இருக்கையிலும் உட்காரட்டும். மற்ற சாதிப் பிள்ளை மனுதாரருக்காக உழைக்கட்டும்.

மூன்று, சாதி என்ற சொல்லையே வகுப்பில் எடுக்க வேண்டாம் என்று ஒதுங்காதீர்கள். நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். நாம் பேசாத இடத்தில் சாதி கைக்கயிறு கட்டிக்கொண்டு பேசுகிறது. ஒழுங்கோடு, ஆதாரத்தோடு, எதிராளியை முழுதாகக் கேட்டுவிட்டுப் பேச ஓர் இடம் வேண்டும்.

"பப்ளிக் எக்ஸாம் மார்க் குறைஞ்சிடாதா சார்?" என்று கவலைப்படும் பெற்றோர்களே, ஒரு பத்தியை மூன்று முறை படித்து அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எந்தப் பாடமும் எளிதாகும். எல்லோரும் வழக்கறிஞர் ஆக வேண்டியதில்லை. செவிலியரோ, லேத் ஓட்டுகிறவரோ, யாரானாலும் ஒருநாள் ஒரு மேசைக்கு முன்னால் நின்று தன் உரிமையைக் கேட்க வேண்டிவரும்.

மாதிரி நீதிமன்றம் நீதி வாங்கித் தராது. மலக்குழிச் சாவை நிறுத்தாது. அதற்குத் தெருவில் இறங்கத்தான் வேண்டும். ஆனால் தெருவில் வென்றதை ஏட்டில் இழந்துவிடாமல் காக்கும் ஆட்கள் இந்த முன்வரிசையிலிருந்து வர வேண்டும். பிள்ளைகளே, வழக்கு விவரத்தாளைக் கையில் கொடுத்திருக்கிறோம். முதல் பக்கத்திலிருந்து படியுங்கள்.