பேறுகால அச்சமும் மூச்சுப் பயிற்சியும்

பிறக்கும் குழந்தைக்கு மறதியை உண்டாக்குவதாக நம்பப்பட்ட சடம் என்னும் வாயுவை வென்றதால் நம்மாழ்வார் சடகோபர் எனப்பட்டார் என்று வைணவ மரபு கூறும். பிறப்போடு மூச்சையும் சேர்த்து நினைக்க வைக்கும் இக்கதைக்குரிய ஊராகிய, தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரிக்குத் தம் 16ஆம் வயதில் வந்த யோக ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார், அங்கே தம்மை மறந்த நிலையில் வைணவ ஆசாரியரான நாதமுனிகளின் 'யோக ரகசியம்' என்னும் நூலைக் கேட்டறிந்ததாகப் பின்னாளில் கூறினார். அது அவருடைய சொந்தப் படைப்பே என்று ஐயுறுவோரும் உண்டு. யார் இயற்றியதாயினும், யோகம் பெண்களுக்கும், குறிப்பாகச் சூல்கொண்டவர்களுக்கும் உரியது என்று அந்நூல் வலியுறுத்துவது, ஆண்களுக்கே உரியதெனக் கருதப்பட்டு வந்த ஒரு கலையில் சிறிய செய்தியன்று.

சூல்கொண்டவர்களுக்கு யோகம் எவ்வாறு உதவும் என்பதை அறியப் பேறுகால அச்சத்திலிருந்து தொடங்க வேண்டும். அச்சம் தசைகளை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, கூடிய வலி மறுபடி அச்சத்தை வளர்க்கிறது என்று ஆங்கில மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1942இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். அச்சம் நீங்கினால் வலியே பெரிதும் இராது என்னும் அளவுக்கு அவர் சென்றது மிகை, இடுப்புவலி கற்பனையன்று. எனினும் கலக்கத்தின்போது சுரக்கும் அட்ரினலின், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசினின் வேலையைத் தடுக்கக்கூடும் என்பதால், அவருடைய கருத்தின் அடிப்படை புறக்கணிக்கத்தக்கதன்று.

கர்ப்பகால யோகம் என்றதும் படங்களில் காட்டப்படும் வளைவுகளே பலர் நினைவுக்கு வருகின்றன. உள்ளங்கால்கள் இரண்டையும் சேர்த்து முழங்கால்களை விரித்து அமரும் பத்தகோணாசனம் இடுப்புக்கும் தொடைக்கும் இதமளிப்பது உண்மையே; ஆனால் அச்சத்தைத் தணிப்பதில் அதனினும் பயன் மிக்கது, உள்மூச்சைவிட வெளிமூச்சை நீளமாக விடும் எளிய பழக்கமாகும். மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகமும், வயிற்றை உலுக்கும் கபாலபாதியும் இக்காலத்தில் விலக்கத்தக்கவை. பிந்திய மாதங்களில் நெடுநேரம் மல்லாந்து கிடந்தால், கருப்பை பெருஞ்சிரையை அழுத்துவதால் தலைசுற்றல் நேரலாம். எப்பயிற்சிக்கும் மகப்பேறு மருத்துவரின் இசைவு வேண்டும். தேவைப்படும் அறுவைச் சிகிச்சைக்கு எந்தப் பயிற்சியும் மாற்றாகாது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத் துணையாக ஒரு பெண் உடனிருக்கும் முறை 2004ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் நெல்லைப் பெண்ணுக்குத் துணை நிற்பவர் தாயோ மதினியோ ஆகலாம். அவரும் வீட்டிலேயே வெளிமூச்சை நீட்டும் அப்பழக்கத்தைக் கற்றிருந்தால், வலி உச்சத்தில் கற்றது மறந்துபோகும் வேளையில், காதருகே மூச்சை எண்ணிச் சொல்ல ஒரு குரல் இருக்கும்.